வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து பாருங்கள்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "உனக்குப் பிடிச்சத வரை சாமி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். என்ன வரும் என்று நான் இங்கிருந்தே சொல்லிவிடுகிறேன். முக்கோணமாக இரண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன், அதைச் சுற்றிக் குச்சி குச்சியாகக் கதிர். மலையடியிலிருந்து நெளிந்து வரும் ஓர் ஆறு. ஆற்றோரம் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். வானத்தில் நாலு காக்கை, டிக் அடித்த மாதிரி.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே மலை என்றால் மொட்டைப் பாறை. முக்கோணமெல்லாம் கிடையாது, யானை படுத்த மாதிரிக் கிடக்கும். ஊருக்கு ஆறு இல்லை, கண்மாய்தான். கூரை வீடு தேடினாலும் மூன்றுதான் தேறும். பனையும் கருவேலமும் நிற்கிற ஊரில் பிறந்த பிள்ளைகள், ஒருவரும் பார்த்தறியாத ஓர் ஊரை அச்சுப்பிசகாமல் வரைகிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தது? நான் சின்ன வகுப்பில் வரைந்ததும் இதே மலைதான். என் அப்பாவும் அதையேதான் வரைந்தாராம்.

அந்த இரண்டு மலையிலிருந்து எங்கள் பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் அளந்துவிடுவதுபோலத் தெரிந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓர் ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. 1, 2, 3 வகுப்புகள் என்னிடம். 4, 5 தலைமையாசிரியரிடம். என் பங்குக்கு 27 உருப்படிகள். 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபிறகு மூன்றாம் வகுப்புவரை பாடமே பாட்டும் ஆட்டமும் படமுமாகத்தான் போகிறது. ஆனால் ஓவிய ஆசிரியர் என்று ஒருவர் தொடக்கப் பள்ளிக்குக் கிடையாது. 2012-இல் பகுதிநேர ஆசிரியர்களைப் போட்டபோதுகூட ஆறாம் வகுப்பிலிருந்துதான் போட்டார்கள். ஆக, ஓவியமும் என் தலையில். எனக்கோ வரையவே வராது. கரும்பலகையில் நான் போட்ட பசுமாட்டைப் பார்த்து, "டீச்சர், நாய்க்கு ஏன் கொம்பு வச்சிருக்கீங்க?" என்று கேட்டவர்கள் இவர்கள்.

இதைப் பெரிய குறையாக நினைத்துப் பல வருடம் ஓவியப் பாடவேளையை வாய்ப்பாட்டுக்குத் தாரை வார்த்திருக்கிறேன். இன்று சொல்கிறேன், சின்ன வகுப்புக்கு ஓவியம் எடுக்க வரையத் தெரியாதவர்தான் சரியான ஆள். கரும்பலகையில் அழகான மயில் ஒன்று நின்றால் 27 பேரும் அதைப் பார்த்துத்தான் போடுவார்கள். போட வராதவன் அழுவான். என் மயிலைப் பார்த்துப் போட எவனுக்கும் மனசு வராது. சொந்தமாக ஒன்றைச் செய்துகொள்வான். கையில் பொருளைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் என் வேலை. அதுதான் கஷ்டமான வேலையும்.

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளை எங்களுடையது. புதன்கிழமையே எனக்குக் கை துறுதுறுக்கத் தொடங்கிவிடும்.

முதல் வெற்றி வெண்டைக்காயால் வந்தது. சத்துணவுக்கூடத்து அக்கா சாம்பாருக்கு வெண்டைக்காய் நறுக்கிவிட்டுக் காம்புத் தலைகளைக் குப்பையில் கொட்டப் போனார். "அக்கா, அத எங்கிட்ட குடுங்க" என்று வாங்கிவந்தேன். காம்பைப் பிடித்துக்கொண்டு வெட்டின பக்கத்தை வண்ணத்தில் ஒற்றித் தாளில் வைத்து எடுத்தால் ஐந்து இதழ்ப் பூ. நடுவில் விதைக்குழி ஒவ்வொன்றும் தெளிவாக. அதை முதன்முதலாக எடுத்துப் பார்த்த ஒன்றாம் வகுப்புப் பெண்ணின் முகத்தை நான் மறக்கவே மாட்டேன். தாளைப் பார்த்தாள், வெண்டைக்காயைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். "இது உள்ளயே இருந்துச்சா டீச்சர்?" என்றாள். தினம் சாம்பாரில் தின்கிற காய்க்குள் ஒரு பூ இருந்திருக்கிறது, ஒருத்தரும் சொல்லவில்லையே என்கிற ஆதங்கம் அந்தக் குரலில்.

ஒரு விஷயம். வண்ணக் கிண்ணத்தில் நேரடியாக முக்கவிட்டால் காரியம் கெட்டது. குழியெல்லாம் அடைத்து வெறும் திட்டுதான் விழும். பழைய துணியை நனைத்துப் பிழிந்து, நாலாக மடித்துத் தட்டில் வைத்து, அதன்மேல் போஸ்டர் கலரைத் தடவி, ஸ்டாம்ப் பேடு மாதிரி ஒற்றி எடுக்க வேண்டும். இதை நான் கண்டுபிடிக்க மூன்று வெள்ளிக்கிழமையும் என் நல்ல சேலை ஒன்றும் செலவாயின.

வெண்டைக்காயோடு நிற்பார்களா? பாதியாக நறுக்கிய வெங்காயம் வளையம் வளையமாக விழுந்தது. பாகற்காய் பல்சக்கரம் மாதிரி விழுந்தது. வாழை மட்டையைக் குறுக்கே வெட்டி ஒற்றினால் வரிசை வரிசையாகக் கட்டம். ஒருவன் அதை ஜன்னல் என்றான், இன்னொருவன் மீன் வலை என்றான். பழைய ரப்பர் செருப்பின் அடியைக் கத்தரித்து முத்திரை செய்தோம். அது ஒரு நூறு தடவை தாங்கும். ஒரு முறை வண்ணம் தொட்டு மூன்று தடவை ஒற்றினால் பூ மங்கிக்கொண்டே போகும் இல்லையா? நான் அதைத் தப்பு என்று நினைத்து, "ஒவ்வொரு தடவையும் தொட்டுக்கடா" என்றேன். இரண்டாம் வகுப்புக்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மொதல்ல வச்சது கிட்டத்துப் பூ டீச்சர். இது தூரத்துப் பூ" என்றான். நான் வாயை மூடக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

அடுத்து மஞ்சள். இதைச் சொல்லும்போது எனக்கே இப்போதும் புல்லரிக்கிறது. மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துத் தாள் முழுக்கப் பூசி வெயிலில் காயவைத்தோம். வேப்பங்குச்சியின் நுனியை மென்று தூரிகையாக்கிக்கொண்டார்கள். அவர்கள் பல் தேய்க்கும் குச்சிதான், மெல்வதற்கு யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆளுக்கொரு கொட்டாங்கச்சியில் சோப்புத் தண்ணீர். "இதுல தொட்டு மஞ்சத் தாள்ல வரைங்க" என்றேன். வெறும் தண்ணீரில் என்னத்தை வரைவது என்று சந்தேகமாகத் தொட்டு இழுத்தார்கள். இழுத்த கோடு ரத்தச் சிவப்பாக எழுந்து வந்தது.

வகுப்பே கத்தியது. தலைமையாசிரியர் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார். "என்னம்மா, பாம்பா?" என்றார்.

ஆரத்தித் தட்டில் நடக்கிற அதே சங்கதிதான் இது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கும். மஞ்சளில் உள்ள சாயம் காரப்பொருள் பட்டால் நிறம் மாறும். சுண்ணாம்பு சின்னக் கைகளைப் புண்ணாக்கும் என்பதால் நான் சோப்புத் தண்ணீர் கொடுத்தேன், சமையல் சோடாவும் கொடுக்கலாம். சிவந்த கோட்டின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். ஆக, வரையச் சோப்பு, அழிக்க எலுமிச்சை! ரப்பர் கேட்டு அழுகிற வகுப்பில் எலுமிச்சை மூடிக்கு அடிதடி நடந்தது.

கதை அங்கே முடியவில்லை. திங்கட்கிழமை காலை பிரேயருக்கு முன்பே ஒரு பையனின் அம்மா கேட்டருகே நின்றார். கையில் அவன் சீருடைச் சட்டை.

"டீச்சர், புள்ளைக்கு அடிபட்டு ரத்தம் வந்துருக்கு. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீங்க? மஞ்சக் கறைன்னு நெனச்சு சோப்பு போட்டேன். போடப்போடச் சட்ட பூரா ரத்தமா வருது!"

எனக்கு முதலில் திக்கென்றது. பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரையே வகுப்புக்குள் அழைத்துப் போனேன். அவர் மகனே முன்னால் வந்து, சட்டையில் எலுமிச்சையைப் பிழிந்து காட்டினான். சிவப்பு ஓடிப்போய் மஞ்சள் வந்தது. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வெயில்ல காயப்போடுங்கம்மா, மஞ்சக் கறை வெயிலுக்கு வெளுத்துரும்" என்றேன். "அது எனக்குத் தெரியும் டீச்சர். இந்த வித்தைதான் தெரியாது" என்றார். இப்போது எங்களுக்கு மஞ்சள் சப்ளை அவர் வீட்டிலிருந்துதான்.

அந்த மாதம் முழுக்க ஊரிலிருந்த எதையும் பிள்ளைகள் தாளில் தேய்க்காமல் விடவில்லை. செம்பருத்திப் பூவைத் தேய்த்தால் ஊதா, அதில் எலுமிச்சை பட்டால் ரோஸ். முருங்கைக்கீரை பச்சை, அடுப்புக்கரி கறுப்பு, எங்கள் ஊர்ச் செம்மண் கேட்கவே வேண்டாம். பீட்ரூட்தான் துரோகி. முதல் நாள் அவ்வளவு பளிச்சென்று இருந்துவிட்டு ஒரு வாரத்தில் அழுக்குப் பழுப்பாகிவிட்டது. "ஏன் டீச்சர் ஓடிருச்சு?" என்று கேட்டவர்களுக்கு, "செம்மண்ணு மண்ணுக்குள்ளேயே கெடந்து வெயில் மழைக்குப் பழகினது. பீட்ரூட் பழகல" என்று சொல்லிவைத்தேன். வேதியியல் வாத்தியார்கள் மன்னிக்கவும்.

அடுத்து வருவது என் உயிருக்குயிரான கிழிசல் வேலை.

எங்கள் பக்கத்தில் பத்திரிகைக்குப் பஞ்சமே இல்லை. கல்யாணம், காதணி விழா, புதுமனை, கும்பாபிஷேகம் போதாதென்று ஆடி ஆவணியில் மொய் விருந்துப் பத்திரிகை வேறு. ஒரு வீட்டுக்கு ஒரு மாதத்தில் இருபது முப்பது சேரும். எல்லாம் கெட்டி அட்டை. தங்கம், வெல்வெட், பளபளக்கிற ஊதா என்று எந்தக் கடையிலும் கிடைக்காத நிறங்கள். நான் ஊர் முழுக்கச் சொல்லிவைத்து ஒரு ஜவுளிக்கடைப் பெட்டி நிறையச் சேர்த்தேன். கத்தரிக்கோல் கிடையாது, கையால் கிழித்து ஒட்ட வேண்டும். அதுதான் அன்றைய ஆட்டம்.

ஒருவரும் கிழிக்கவில்லை. 27 பேரும் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள். "என்னடா?" என்றேன். முன்வரிசையில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், "சாமி படம் இருக்கு டீச்சர். கிழிச்சா கண்ணக் குத்தும்."

பிள்ளையார், முருகன், குலதெய்வம், ஒரு பத்திரிகையில் மாதாவும்கூட. அன்றைய இரண்டு பாடவேளையும் சாமிகளைப் பத்திரமாக வெட்டி எடுத்துத் தனி நோட்டில் ஒட்டுவதிலேயே போயிற்று. அந்த நோட்டு இப்போது பீரோவில் இருக்கிறது. அதைவிடச் சமத்துவமான சாமி அறை இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

அடுத்த வெள்ளி கிழிக்க ஆரம்பித்தார்கள். அடடா! கிழிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அதுவரை தெரியாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இறுக்கி, இரண்டு கையும் எதிரெதிராக இழுக்க வேண்டும். பென்சிலை அழுத்திப் பிடிக்கத் திணறுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. 'அ' எழுதத் தெரியாமல் இருந்த இரண்டு பேருக்குக் கிழிக்கத் தொடங்கிய ஒன்றரை மாதத்தில் கை நின்றது. கிழித்ததால்தானா என்று என்னிடம் சான்று கேட்காதீர்கள். நான் நம்புகிறேன்.

ஒரு பையன் செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தான், நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. குறுக்கே கிழித்தான், கோணல் மாணலாகப் போயிற்று. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தான். "டீச்சர், பேப்பருக்கும் விறகு மாதிரி வரி இருக்கு" என்றான். அவன் அப்பா மரம் வெட்டுகிற ஆள். காகிதத்தில் நார்கள் ஒரு பக்கமாகப் படிந்திருக்கும் என்பதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அவன் கோடரியிலிருந்து தெரிந்துகொண்டிருக்கிறான்.

இன்னொருத்தி கண்டுபிடித்தது அதையும் தூக்கிச் சாப்பிட்டது. நிறம் அச்சடித்த அட்டையைத் தன் பக்கமாக இழுத்துக் கிழித்தால் ஓரத்தில் வெள்ளையாக ஒரு விளிம்பு தெரியும். எதிர்ப்பக்கமாகக் கிழித்தால் தெரியாது. அவள் நீலப் பத்திரிகையாகப் பார்த்துக் கிழித்து, வெள்ளை விளிம்பெல்லாம் மேலே வரும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டினாள். கண்மாயில் காற்றடிக்கும்போது அலை நுரைக்குமே, அதேதான்! நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினேன். தலைமையாசிரியர், "இன்னிக்கும் பாம்பு இல்லியே?" என்றார்.

பிரான்ஸில் மத்தீஸ் என்று ஒரு பெரிய ஓவியர் இருந்தார். 1941-இல் வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தபிறகு அவரால் முன்போல நின்று வரைய முடியவில்லை. நாற்காலியிலும் கட்டிலிலும் இருந்தபடி, வண்ணம் பூசிய காகிதங்களைக் கத்தரித்துச் சுவர் சுவராக ஒட்டவைத்துப் படம் செய்தார். அந்தக் கதையைச் சொன்னேன். "அந்தத் தாத்தாவுக்கு யாரு டீச்சர் பத்திரிக வச்சாங்க?" என்று கேள்வி வந்தது. பதில் இல்லை.

ஒட்டியது மைதாப் பசையால். இங்கே ஒரு சோகத்தைச் சொல்லியாக வேண்டும். காலாண்டு விடுமுறைக்கு முன்னால் 27 படத்தையும் சுவரில் ஆசை ஆசையாக மாட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் பாதிப் படத்தைக் கரப்பான் பூச்சி தின்றிருந்தது. பைண்டிங் வேலை செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி அண்டாது. ஆனால் அது விஷம், பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஆகாது. வேப்பிலை போட்டுக் காய்ச்சிப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கரப்பானுக்கு அதுவும் ருசித்தது. இப்போது படங்களைத் தகர டிரங்குப் பெட்டியில்தான் வைக்கிறோம்.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், எழுதினால் நிற்காது. கோடையில் கண்மாய்க் களிமண் எடுத்துவந்து பிசைந்தோம். எங்கள் மாவட்டத்தில் அய்யனார் கோயில் இருந்தால் மண் குதிரை இருக்கும். குளமங்கலத்தில் 30 அடிக்கு மேல் உயரமான குதிரையே நிற்கிறது, மாசி மகத்துக்கு அதன்மேல் காகிதப்பூ மாலையாகப் போட்டு மூடிவிடுவார்கள். ஆகவே எல்லோருக்கும் குதிரைதான் வேண்டும். செய்த குதிரை எதுவும் நிற்கவில்லை. கால் சப்பி விழுந்தது. சிலர் கால்களை உரல் மாதிரி தடிமனாக்கினார்கள், சிலர் வயிற்றுக்குக் கீழே ஒரு முட்டுக் கொடுத்தார்கள். ஒருவன் மட்டும் எதுவும் செய்யாமல் குதிரையைக் கீழே சாய்த்து, மேலே ஓர் இலையைப் போர்த்திவிட்டுப் போனான். கேட்டால், "ராத்திரி அய்யனாரோட சுத்திட்டு வந்துருக்கு. தூங்கட்டும்" என்றான்.

கோலத்துக்கும் ஒரு வரி. 5-3-1 நேர்ப்புள்ளி வைத்து வராந்தாவில் போடச் சொன்னபோது, "பொம்பளப் புள்ளைங்க வேல" என்று முறைத்துக்கொண்டு நின்ற பையன்கள்தான் இப்போது மார்கழியில் வாசலை அம்மாவுக்கு விட்டுக்கொடுப்பதில்லையாம்.

ஆட்டுக்காரர் பேத்தி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்பு. ஓர் ஆடு வரைந்தாள், அதன் வயிற்றுக்குள் இரண்டு குட்டி. "உள்ள இருக்கறது எப்படித் தெரியும்?" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சென ஆடு டீச்சர். ரெண்டு குட்டின்னு தாத்தா தடவிப் பாத்துச் சொல்லிட்டாரு." ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்கா போன விக்டர் லோவன்ஃபெல்டு என்கிற கலைக்கல்வியாளர், பிள்ளைகளின் படங்களை வயதுவாரியாகப் பார்த்து 1947-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஏழு, எட்டு, ஒன்பது வயதில் இப்படி எக்ஸ்ரே எடுத்த மாதிரி உள்ளிருப்பதையும் சேர்த்து வரைவார்கள், கண்ணுக்குத் தெரிவதைவிடத் தனக்குத் தெரிந்ததையே பிள்ளை வரைகிறது என்று அதில் சொல்கிறார். தாளின் அடியில் தரைக்கோடு, உச்சியில் நீலப்பட்டையாக வானம் என்று போடுவதும் அந்த வயதின் வேலைதான். எங்கள் ஒருவனிடம், "வானத்துக்கும் தரைக்கும் நடுவுல வெள்ளையா இருக்கே, அது என்னடா?" என்று கேட்டேன். "காத்து" என்றான். தப்பென்று யார் சொல்ல முடியும்?

கோடு போட்டுக் கொடுத்து, "கோட்டைத் தாண்டாம கலர் அடி" என்கிற புத்தகங்கள் எனக்கு ஆகாது. அதில் வயிற்றுக்குள் குட்டி போட இடமே கிடையாது. ஒரு போட்டியில் அந்தச் சினை ஆட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு நடுவர் ஒருவர், "நீட்டா இல்லியே" என்று தள்ளிவைத்தார். பரிசு வாங்கிய படத்தில் இரண்டு மலை இருந்தது. இருக்கட்டும்.

கடைசியாக எங்கள் சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகிற வழியில் இருக்கிறது, எங்களுக்கு ஒரு வேன் தூரம். அறிவர் கோயில் சின்னக் குடைவரை. கொஞ்சம் கொஞ்சம் பேராக உள்ளே போய்க் கழுத்தை மடக்கிக் கூரையைப் பார்த்தோம். தாமரைக் குளம். மொட்டும் மலரும் இலையுமாகத் தாமரை. ஊடே மீன், அன்னம், எருமை, யானை. பூப்பறிக்கிற மனிதர்கள். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட ஓவியம், நிறைய இடத்தில் உதிர்ந்துவிட்டது. மிச்சமிருப்பதைப் பார்க்கவே ஒரு நாள் போதாது.

வெளியே வந்து பாறை நிழலில் உட்கார்ந்து புளிசோறு தின்னும்போது ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் கேட்டான், "அந்தக் கொளத்துக்குக் கரையே இல்ல டீச்சர். வானமும் இல்ல. எல்லாம் தண்ணியாவே இருக்கு. அப்புடிப் போடலாமா?"

நான் இருபது தடவை பார்த்த கூரை. இது எனக்குப் படவில்லை. தரைக்கோடு இல்லை, வானப் பட்டை இல்லை, மலை இல்லை. பார்க்கிற இடமெல்லாம் குளம்.

"போடலாம்டா" என்றேன். குரல் கம்மிப்போயிற்று.

அப்படித்தான் எங்கள் பெரிய கண்மாய் பிறந்தது. முதலில் பழைய ஃபிளெக்ஸ் பேனரின் பின்பக்கத்தில் போட்டோம். காய்ந்ததும் போஸ்டர் கலர் செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது. யாரும் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். பிறகு நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் ஷீட் ரோலை வாங்கி 12 அடி நீளத்துக்கு விரித்தோம். மூன்று வெள்ளிக்கிழமை எடுத்தது. வெண்டைக்காய் அல்லிப்பூவாயிற்று. மொய் விருந்துப் பத்திரிகைகள் மீன் செதிலாயின. வாழை மட்டை வலையாயிற்று. கரையில்லாத தண்ணீருக்கு அந்தப் பெண்ணின் கிழிசல் அலைதான், இந்தத் தடவை வகுப்பே சேர்ந்து கிழித்தது. எருமை, கொக்கு, முக்குளிப்பான், ஆகாயத்தாமரை. நடுவில் மஞ்சளாக ஒரு ஜேசிபி, போன வருடம் தூர்வார வந்தது. சித்தன்னவாசல் ஓவியர் யானை போட்டார், எங்கள் ஆள் ஜேசிபி போட்டான். இரண்டும் தண்ணீரைக் கலக்குவதுதானே! ஒரு பிள்ளை மட்டும் வலது ஓரத்தில், யாருக்கும் தெரியாமல், சின்னதாக இரண்டு மலையைப் போட்டுவைத்திருந்தாள். நடுவில் சூரியன். நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று அதை வராந்தாவில் மாட்டினோம். பெற்றோர் வந்து நின்று பார்த்தார்கள். கீரனூர்ப் பக்கத்துக் கண்மாய் என்றார் ஒருவர், இல்லை நம்ம பெரிய கண்மாய்தான் என்றார் இன்னொருவர். நீர்ப்பாய்ச்சி வேலை பார்த்த ஒரு தாத்தா கைத்தடியை ஊன்றிக்கொண்டு முழு நீளத்துக்கும் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"எல்லாம் சரிதான். மடைய எங்கடா காணோம்?"

பேரன் உள்ளே ஓடிப்போய்க் கரித்துண்டை எடுத்துவந்து, தாத்தா தடியால் காட்டின இடத்தில் மடையைப் போட்டான்.

அந்தப் படம் இப்போது டிரங்குப் பெட்டியில் சுருட்டி இருக்கிறது. இந்த வருடம் சந்தையைப் போடலாம் என்று பேச்சு. அதற்கு நிறம் நிறையத் தேவைப்படும். உங்கள் வீட்டு அலமாரிக்கு மேலே பழைய பத்திரிகைகள் தூசி படிந்து கிடக்குமே, வீசவும் மனசு வராது, வைத்துக்கொள்ளவும் இடம் இருக்காது. எடுத்துக்கொண்டுபோய் உங்களூர்த் தொடக்கப் பள்ளியில் கொடுங்கள். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். சாமி படத்தை நீங்களே வெட்டி எடுத்துவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் டீச்சருக்கு இரண்டு பாடவேளை போய்விடும்.